பால்குழியில் நீ சொன்ன சொல்

கொப்புளம் ஆறிவிட்டதா? வலது காலில் இருந்தது சின்னது, அதைப் பற்றிக் கவலையில்லை. இடது குதிகாலுக்குப் பக்கத்தில் ஐம்பது சென் காசு அளவுக்கு இருந்ததே, அதைத்தான் கேட்கிறேன். நீ காலுறையைப் போட்டு மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனது எனக்குத் தெரியும். சப்பாத்துக்குள் காலை நுழைக்கும்போது உன் வாய் ஒரு பக்கமாகக் கோணியதையும் பார்த்தேன். "புது மாப்பிள்ள நடக்குற நடையப் பாரு, வாத்து மாதிரி" என்று உன் அப்பா சொன்னபோது நீ சிரித்துக்கொண்டே காரில் ஏறிவிட்டாய். ஏன் அப்படி நடக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. நான் வாசலில் நின்று, காலில் நடப்பதைச் சொல்லாமல் மறைப்பதில் இந்த வீட்டில் இது மூன்றாவது தலைமுறை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அதன் பிறகு சுங்கை பூலோவில் தனி வீடு. "கிள்ளான்லேருந்து சுங்கை பூலோ என்ன லண்டனா? கார எடுத்தா போய்ச் சேர்ந்துடலாம்" என்று அப்பா என்னைச் சமாதானப்படுத்துகிறார். தூரம் எனக்குப் பெரிய விஷயமில்லை. நீ இந்த வீட்டை விட்டுப் போவதற்கு முன் சொல்லியாக வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை நேரில் தொடங்கினால் நீ கைப்பேசியை எடுக்கிறாய், நான் அழத் தொடங்குகிறேன். அதனால் எழுதுகிறேன். எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதப்போகிறேன் என்றபோது, "என் பேரை மட்டும் போடாதீங்கமா, ஆபீஸ்ல கலாய்ச்சே கொன்னுடுவானுங்க" என்றாய். போடவில்லை. உனக்கு மனைவியாக வரப்போகிறவளிடமும் கேட்டேன். "எனக்கு ஷாமினின்னு பேர் வைங்க ஆன்டி, சின்ன வயசுலேருந்து அந்தப் பேர் மேல ஒரு ஆசை" என்றாள். ஆகவே இந்தக் கடிதத்தில் அவள் ஷாமினி. மற்றவர்களும் படிக்கட்டும் என்று நான் நினைத்ததற்குக் காரணம், நம் வீட்டில் நடந்த தவறு நம் வீட்டோடு முடிந்திருக்காது என்ற எண்ணம்தான். நம்மைப் போல் கும்பிடுகிறவர்கள் வீட்டில்தான் அப்படி ஒரு தவறு நடக்கும்.

உன் தாத்தாவை நீ படத்தில்தான் பார்த்திருக்கிறாய். கூடத்தில் தொங்குகிற அந்தப் படத்தில் மஞ்சள் வேட்டியோடு, கழுத்தில் வேப்பிலை மாலையோடு, தீக்குழியின் நடுவில் நிற்கிறார். நடக்கவில்லை, நிற்கிறார். எங்களுக்கு அந்தப் படத்தின் பெருமையே அதுதான். மற்றவர்கள் நெருப்பின் மேல் நாலு எட்டில் ஓடி, மறுமுனையில் பால் ஊற்றி வைத்த பால்குழிக்குள் குதிப்பார்கள். என் அப்பா நடுவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நிதானமாக இறங்குவார். அவர் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். வருடம் முழுக்க அவரை யாரும் பெரிதாக மதித்ததில்லை. அந்த ஒரு சாயங்காலம் மட்டும் எங்கள் பக்கத்து ஜனம் எல்லாம் அவர் காலில் விழுந்து திருநீறு வாங்கும். நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். என் அப்பா, என் அப்பா என்று மனசு பொங்கும்.

ஆனால் அவருக்கு ஆரம்பத்தில் சுட்டிருக்கிறது. என் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கல்யாணமான புதிதில் அவர் பால்குழிக்குள் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வருவாராம். "எருமை மாடு குட்டையில எறங்குற மாதிரி எறங்குவாருடி உங்கப்பா" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் நொண்டுவாராம். பிறகு வருடம் போகப் போகச் சூடு குறைந்துகொண்டே வந்தது. நாற்பது வயதைத் தாண்டியபோது சுத்தமாகச் சுடவே இல்லை. அதை நாங்கள் எப்படிப் புரிந்துகொண்டோம் தெரியுமா? பக்தி முற்றிவிட்டது, விரதம் பலித்துவிட்டது, அம்மன் இவரை முழுசாக ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்று. கோயில் தலைவரே மேடையில் அப்படிச் சொல்லி அவருக்கு மாலை போட்டார். உள்ளங்காலில் தீக்காயம் புண்ணாகி மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தபோது மஞ்சள் அரைத்துப் பூசினோம். வலிக்கவில்லை என்றார். வலிக்காதது நல்லதுதானே என்று நாங்களும் விட்டுவிட்டோம். உடம்பு இளைத்துக்கொண்டே போனது, வயிறு ஒரு நாள் கட்டும், மறுநாள் போகும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். இனிப்பு நீர் என்று எல்லாரும் சொன்னார்கள். சோதித்தால் ரத்தத்தில் சர்க்கரை அளவு சரியாகவே இருந்தது. கேஸ்ட்ரிக் என்றார்கள். லோரியிலிருந்து இறங்கும்போது ஒரு நாள் மயங்கி விழுந்திருக்கிறார். அதை வீட்டில் சொல்லவே இல்லை. அவர் இறந்த பிறகு, அவரோடு வேலை செய்தவர்கள் சொல்லித்தான் என் அம்மாவுக்கே தெரியும். அறுபதைக்கூடத் தொடவில்லை. அப்போது நான் கல்லூரியில் இருந்தேன். அவருடைய இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏன் நின்றது என்று யாரும் கேட்கவில்லை.

என் கதை உனக்குத் தெரியும். ஆனால் நீ அப்போது பள்ளியை முடிக்கிற படிவம் ஐந்து பரீட்சையில் இருந்ததால் பாதிதான் தெரியும். முதலில் கைதான் மரத்தது. ஷிப்பிங் ஆபீஸில் நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறோம் அல்லவா, அதனால்தான் என்று மணிக்கட்டில் அறுவை சிகிச்சை செய்தார்கள். ஒரு கை, பிறகு இன்னொரு கை. அதன் பிறகு அந்தச் செருப்புக் கதை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உன் சித்தி மகளுக்குக் காதணி விழா, கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டு, ரயில் ஏறிக் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா குனிந்து பார்த்தார்.

"இது யாரு செருப்பு?"

"என்னுதுதான்."

"உன்னுது பச்சை கலருலா. இது செவப்பு. குதிகால் வேற வெளிய தொங்குது. எவ செருப்ப அபேஸ் பண்ணிட்டு வந்த?"

நீயும் அப்பாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். யாரோ ஒரு குட்டைப் பாதக்காரி பிரிக்பீல்ட்ஸில் என் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பிறகு குளியலறையில் உட்கார்ந்து காலைப் பார்த்தேன். விரல்களின் ஓரம் வார் அறுத்து ரத்தம் கட்டியிருந்தது. அத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறேன், காலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

எனக்கும் முதலில் இனிப்பு நீர்தான் சோதித்தார்கள். இல்லை. பிறகு ஒரு கிளினிக்கிலிருந்து இன்னொரு கிளினிக், அங்கிருந்து பெரிய மருத்துவமனை. நரம்பில் சின்னச் சின்ன மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு நரம்பு மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தேன். தமிழ்ப் பெண், என்னைவிட இளையவர், தட்டச்சு செய்துகொண்டே கேள்வி கேட்கிறவர்.

"குடும்பத்துல வேற யாருக்காச்சும் கால் மரத்துப் போறது, உணர்ச்சி இல்லாம போறது, அந்த மாதிரி இருந்துச்சா?"

"இல்ல டாக்டர். எங்கப்பாவெல்லாம் வருஷா வருஷம் தீ மிதிப்பாரு. பாறை மாதிரி காலு."

"அவருக்குச் சுடாதா?"

"ஆரம்பத்துல சுட்டுச்சாம். அப்புறம் சுடவே இல்ல. அம்மன் அருள்னு சொல்லுவாங்க."

அவர் தட்டச்சை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "எத்தனை வயசுல சுடாம போச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே என் அப்பாவுடைய படம் எனக்குள் வேறு படமாக மாறிவிட்டது. நடுக்குழியில் நின்ற அந்த மனிதருக்கு நெருப்பு எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்கவில்லை.

ரத்தப் பரிசோதனையில் எனக்கு உறுதியான இந்தப் பரம்பரை நோயைப் பற்றி நீ இணையத்தில் படித்திருப்பாய். எனக்குப் புரிந்ததை என் வேலையின் பாஷையிலேயே சொல்கிறேன். கல்லீரல் ஒரு புரதத்தைச் செய்து ரத்தத்தில் அனுப்புகிறது. எல்லார் உடம்பிலும் அது உண்டு, அதற்கு வேலையும் உண்டு. நம் குடும்பத்தில் அந்தப் புரதத்தின் செய்முறையில் ஓர் எழுத்து பிசகிவிட்டது. கப்பல் சரக்குப் பத்திரத்தில் ஒரு குறியீடு தவறினால் கொள்கலன் பெட்டி தப்பான துறைமுகத்தில் போய் இறங்கிவிடும், யாரும் வந்து எடுக்கவும் மாட்டார்கள். அதுபோல அந்தப் புரதம் உருக்குலைந்து நரம்பில் போய் இறங்குகிறது, இதயத்தில் இறங்குகிறது, அங்கேயே அடுக்கடுக்காகச் சேர்கிறது. ஒரு நாள் பாதை அடைபட்டுவிடும். பெற்றவர்களில் ஒருவருக்கு அந்தப் பிசகு இருந்தால் பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம். பாதிக்குப் பாதி. உனக்கும் அதே பாதிதான். இந்த வாக்கியத்தை எழுத எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன.

என் அப்பா காலத்தில் இதற்கு மருந்து இல்லை. இப்போது இருக்கிறது. அந்த மருத்துவர் மேலிடத்துக்கு விடாமல் எழுதி எழுதி அது எனக்குக் கிடைக்கும்படி செய்தார். மூன்று வாரத்துக்கு ஒரு முறை நான் கோலாலம்பூருக்குப் போவது அதற்குத்தான். நீ இதுவரை ஒரு முறைகூட உள்ளே வந்ததில்லை, வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவாய். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். முதலில் எடை பார்ப்பார்கள், எடையை வைத்துத்தான் மருந்தின் அளவு. அன்று காலையில் நான் சேலை கட்டியிருந்தால் நர்ஸ் நோரா, "காக்கா, சாரி பெராத் லா" என்று மலாயில், அக்கா சேலை கனமாக இருக்கிறது எனச் சொல்லிச் சிரிப்பாள். பிறகு மருந்துக்கு முன் மருந்து. உடம்பு முரண்டு பிடிக்காமல் இருக்க ஒரு ஸ்டீராய்டு, காய்ச்சலுக்குப் போடும் பனடோல், ஒவ்வாமைக்கு இரண்டு மருந்து. ஒரு மணி நேரம் காத்திருப்பேன். தூக்கம் கண்ணை இழுக்கும். அதன் பிறகுதான் மருந்துப் பை தொங்கும். முதலில் மிக மெதுவாகச் சொட்டும், உடம்பு ஒத்துக்கொண்டால் வேகத்தைக் கூட்டுவார்கள். முதல் தடவை என் முகம் சிவந்து முதுகு வலித்தது. நோரா ஓடி வந்து சொட்டை மெதுவாக்கி, அது அடங்கும் வரை என் தோளைத் தடவிக்கொண்டு நின்றாள். இப்போது பழகிவிட்டது. முடிந்ததும் ஸ்டீராய்டின் பசி. அழைத்துப்போக வரும் அப்பாவோடு பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் வாழை இலை போட்டு அவரைவிட அதிகம் சாப்பிடுவேன். "மருந்து நல்லா வேலை செய்யுது, என் கோழிப் பொரியலக்கூட விட்டு வைக்கல" என்பார்.

இந்த மருந்து கல்லீரலுக்குப் போகிற உத்தரவுச் சீட்டை வழியிலேயே கிழித்துப் போடுகிறது. அதனால் அந்தப் புரதம் செய்யப்படுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. நல்லதும் குறையும், கெட்டதும் குறையும். அதே புரதம்தான் வைட்டமின் ஏ-வையும் சுமந்துகொண்டு போகிறதாம். அதனால் அதற்குத் தினமும் ஒரு மாத்திரை. பொழுது சாய்ந்த பிறகு பார்வை மங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆனால் ஒன்றை நீ சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே இறங்கி அடுக்கிக் கிடக்கும் பெட்டிகளை இந்த மருந்து அப்புறப்படுத்துவதாக எண்ணிவிடாதே. என் பாதம் திரும்பி வரவில்லை. வரும் என்று யாரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. கணுக்காலுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்த மரப்பு அங்கேயே நிற்கிறது, அவ்வளவுதான். படியில் ஏறுகிறேன், சட்டைப் பொத்தானை நானே போடுகிறேன், வேலைக்குப் போகிறேன். இன்னும் முன்னதாகவே தொடங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். இந்த மருந்தின் நியாயம் முழுக்க அந்த 'முன்னதாகவே' என்ற சொல்லில்தான் இருக்கிறது. அதனால்தான் சோதனை செய்துகொள் என்று உன்னைப் பிடுங்கி எடுத்தேன்.

பிடுங்கி எடுத்தேன் என்பது சரியான சொல்தான். உன்னைக் கேட்காமலேயே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, மரபணு ஆலோசகரைப் பார்க்க உனக்கு ஒரு நாள் வாங்கிவிட்டேன். அதைச் சொன்ன அன்று நீ மஞ்சள் துணியும் கையில் காப்புமாக வீட்டுக்கு வந்து நின்றாய்.

"எதுக்குடா காப்பு?"

"தீ மிதிக்கிறேன்."

"யாருக்காக வேண்டுதல்?"

"வேற யாருக்கு? உங்களுக்குத்தான்."

"எனக்குத்தான் மருந்து இருக்கே."

"அந்த மருந்து வேலை செய்யணும்னுதான் வேண்டிக்கிட்டேன். சாமியும் மருந்தும் சண்டையா போட்டுக்குது? நீங்க ஏன்மா சண்டை போடுறீங்க?"

நானும் கும்பிடுகிறவள்தான். ஊசி ஏறும்போது அம்மா தாயே என்றுதான் சொல்கிறேன். ஆனால் தீக்குழி என்றதும் எனக்குக் கூடத்துப் படம்தான் கண்ணில் வந்தது. அந்தக் கோபத்தில் ஆலோசகர் விஷயத்தையும் சேர்த்துக் கொட்டினேன். ஷாமினி வீட்டில் என்ன சொல்வார்கள், நாளைக்குப் பிள்ளை பிறந்தால் என்ன செய்வாய் என்றெல்லாம் கேட்டேன். நீ ஷாமினியிடம் எப்போதோ சொல்லிவிட்டிருந்தாய். அவள் என்ன சொன்னாள் என்பதையும் நீயே சொன்னாய்: "எங்க வீட்டுல ஆளாளுக்கு இனிப்பு நீர், பிரஷர். உங்கம்மா எங்ககிட்ட டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டாங்களா என்ன?" அதைக் கேட்டுச் சமையலறையில் இருந்த அப்பா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் உனக்கு எதுதான் தடை என்று கேட்டேன். நீ காப்பைத் திருகிக்கொண்டே சொன்னாய்.

"இப்ப இது என் காலுமா. டெஸ்ட் எடுத்து இருக்குன்னு வந்துச்சுன்னா, அப்புறம் இது தாத்தா காலு. ரொம்ப நேரம் உக்காந்து மரத்துப்போனாக்கூட, வந்துடுச்சோன்னு பயந்துக்கிட்டே கெடக்கணும். கொஞ்ச நாளைக்கு என் காலாவே இருக்கட்டுமே."

மறுநாள் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி அந்த நாளை ரத்து செய்தேன். உன்னிடம் சொல்லவில்லை. நீ சொன்னதில் பயம் இருந்தது, ஆனால் பயத்தைவிட அதிகமாக வேறு ஒன்றும் இருந்தது. என் கால் மரத்தது எனக்கு நடந்தது. உன் காலைப் பற்றித் தெரிந்துகொள்வது உனக்கு நடக்க வேண்டியது. அதை நான் உனக்காகச் செய்துவிட முடியாது. இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அன்று உன் கை காப்பைத் திருகியதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

தீமிதி அன்று நான் வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன். அப்பாதான், "வந்து நில்லு. பெத்தவ நிக்காம அவன் நெருப்புல எறங்குவானா?" என்று இழுத்துக்கொண்டு வந்தார். பால்குழிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தோம். உறுமி மேளக்காரப் பையன்கள் காது கிழிய அடித்துக்கொண்டிருந்தார்கள். உன் முறை வந்தது. முகத்தில் மஞ்சளும் வியர்வையுமாக நீ இறங்கினாய். முதல் எட்டு, இரண்டாவது எட்டு. நான் உன் முகத்தைப் பார்க்கவே இல்லை. காலைத்தான் பார்த்தேன். நடுவில் நின்றுவிடாதே, நின்றுவிடாதே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். நீ நிற்கவில்லை. கடைசிப் பக்கம் ஓட்டமாக ஓடி வந்து பால்குழிக்குள் தொப்பென்று குதித்தாய். பால் என் சேலையெல்லாம் தெறித்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய்.

"சுடுதுமா! ஐயோ, சுடுது!"

உன் நண்பன் உன் தோளைப் பிடித்து உலுக்கினான். "டேய், வாய மூடுடா. எவனாச்சும் பால்குழியில நின்னுக்கிட்டுச் சுடுதுன்னு சொல்லுவானா? மானத்த வாங்காத!" பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் தலையை ஆட்டினார். "விரதத்துல எங்கயோ கொறை இருக்கு தம்பி. சுத்தமா இருந்திருந்தா சுட்டிருக்காது." உன் முகம் அப்படியே சுருங்கிப்போனது. நீ தலையைக் குனிந்துகொண்டாய். அதன் பிறகு அந்தச் சொல் உன் வாயில் வரவே இல்லை. கொப்புளம் வந்தது, அதை மறைத்தாய், காலுறை போட்டாய், அப்பா கேலி செய்தபோது சிரித்து மழுப்பினாய்.

அந்தக் கூட்டத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நீ கவனித்திருக்க மாட்டாய். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். அழுகையும் சேர்ந்து வந்தது. அப்பா பயந்துபோய், "என்னாச்சு, மயக்கமா?" என்றார். "அவனுக்குச் சுடுதுங்க" என்றேன். "ஆமாலா, நெருப்பு சுடாம ஐஸ் மாதிரியா இருக்கும்?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, சட்டென்று புரிந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். என் பிள்ளையின் கால் வெந்ததற்கு நான் அம்மனுக்கு நன்றி சொன்னேன். உலகத்தில் வேறு எந்தத் தாய் அப்படிச் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை.

சந்தோஷத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உன்னிடம் உண்மையைச் சொல்வது என்று உட்கார்ந்த பிறகு பாதியைச் சொல்ல முடியாது. உன் வயதில் தாத்தாவுக்கும் சுட்டது, எனக்கும் சுட்டிருக்கும். அன்று நீ கத்தியதால் உனக்கு அந்தப் பிசகு இல்லை என்று ஆகிவிடாது. வீட்டுக்கு வந்து சேலையில் பட்ட பாலை அலசும்போதே எனக்கு அது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் அந்தச் சந்தோஷம் போகவில்லை. இன்று உன் கால் உன்னோடு பேசுகிறது. அது பேசும் வரை நீ அதைக் கேட்க வேண்டும், வெட்கப்படக்கூடாது. நான் பயப்படுவது அந்தப் பெரியவரின் பேச்சுக்குத்தான். சுட்டால் குறை, சுடாவிட்டால் அருள் என்று அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். என் அப்பாவுக்கு மாலை போட்டவரும் நல்லவர்தான். வலி இல்லை என்பதற்காகக் கழுத்தில் மாலை விழுந்த பிறகு, எந்த மனிதன் போய் எனக்குக் கால் மரத்துவிட்டது என்று சொல்லுவான்? லோரியிலிருந்து விழுந்ததை என் அப்பா மறைத்தது ஆண்பிள்ளை வீம்பு என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது தோன்றுகிறது, நாங்கள் அவருக்குச் சொல்ல இடமே வைக்கவில்லை.

ஆகவே கல்யாணத்துக்கு முன் உன்னிடம் நான் கேட்பது சோதனையை அல்ல. ஷாமினியிடம் சொல்கிறவனாக இரு. கால் எரிந்தால் எரிகிறது என்று சொல், மரத்தால் மரக்கிறது என்று சொல். குளிக்கும் தண்ணீரின் சூடு தெரியவில்லை என்றால் அன்றைக்கே சொல். அவளும் உன்னிடம் சொல்லட்டும், நீ கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேள். குடும்பம் நடத்துவதில் எனக்குத் தெரிந்ததே அவ்வளவுதான். அப்பா என் செருப்பைக் குனிந்து பார்த்ததால்தான் நான் இன்று நடந்துகொண்டிருக்கிறேன்.

இவ்வளவையும் போன வியாழனுக்கு முன்பே எழுதி வைத்திருந்தேன். வியாழக்கிழமை மருந்து நாள். வழக்கம்போல வாசலில் இறக்கிவிட்டுப் போவாய் என்று நினைத்தேன். நீ காரை நிறுத்திவிட்டுக் கூடவே வந்தாய். நொண்டிக்கொண்டே மின்தூக்கிக்குள் ஏறினாய். நோரா உன்னைப் பார்த்ததும் காலைத்தான் முதலில் பார்த்தாள். "அடிக், காக்கி கெனாப்பா?" என்று காலுக்கு என்ன ஆனது என்று கேட்டாள். நீ ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்து, பிறகு காலுறையைக் கழற்றிக் காட்டினாய். அவள் கத்தாமல், திட்டாமல், கையுறை போட்டுக்கொண்டு கொப்புளத்தின் ஓரத்தை லேசாக அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டாள்.

"சாக்கிட்?"

"ஆ... சாக்கிட், சாக்கிட்!"

"பாகுஸ்" என்றாள். நல்லது என்று. மருந்து தடவிக் கட்டுப் போட்டுவிட்டு என் பக்கம் வந்து கையில் ஊசியை ஏற்றினாள். "காக்கா, சாக்கிட்?" என்றாள். என் முன்கை இன்னும் என்னுடையதுதான். "சாக்கிட்" என்றேன். நீ சிரித்துவிட்டாய். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குடும்பமே அழுமூஞ்சி என்கிற மாதிரி மலாயில் ஏதோ சொல்லிக்கொண்டே போனாள்.

பை பாதி இறங்கியிருந்தபோது எனக்குத் தூக்கம் வந்தது. கண் விழித்தபோது உன் நாற்காலி காலியாக இருந்தது. மருந்து முடியும் நேரத்தில் நீ திரும்பி வந்தாய், கையில் எனக்கு ஒரு மைலோ பானம்.

"எங்கடா போன?"

"கீழ் மாடிக்கு. அந்த ஆலோசகர் ஆபீஸுக்கு. நீங்க எனக்கு வாங்கி வச்சிருந்த நாள கேன்சல் பண்ணிட்டீங்களாம்?"

"ஆமா."

"சொல்லவே இல்ல?"

"நீ கேக்கல."

நீ என் பக்கத்தில் உட்கார்ந்து மைலோவில் உறிஞ்சுகுழாயைப் போட்டுக் கொடுத்தாய். "நானே ஒரு நாள் வாங்கிட்டேன். கல்யாணம் முடிஞ்சு மறு மாசம். பேசுறதுக்கு மட்டும்தான்மா, ரத்தம் எடுக்குறது அப்புறம் பார்த்துக்கலாம். ஷாமினியும் வரா. நீங்க வரக்கூடாது" என்றாய்.

வரமாட்டேன். அன்று கிள்ளானிலேயே இருப்பேன். பேசிவிட்டு வந்து ரத்தம் கொடுத்தாலும் சரி, இன்னும் சில வருடம் உன் கால் உன் காலாகவே இருக்கட்டும் என்று திரும்பி வந்தாலும் சரி, கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். வேண்டாத பதில் வந்தாலும் உனக்கு மருந்து இருக்கும், நேரமும் இருக்கும், மருந்து ஏற்றும் அறையில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் காற்று நன்றாக வரும் என்று சொல்ல நானும் இருப்பேன். என் அப்பாவுக்கு இந்த மூன்றும் கிடைக்கவில்லை. கூடத்துப் படத்தை எடுத்துவிடலாமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் அங்கேயே நிற்கட்டும். பக்கத்தில் நீ பால்குழிக்குள் வாயைப் பிளந்துகொண்டு குதிக்கிற படத்தை மாட்டப் போகிறேன். உன் நண்பன் எடுத்தது, கேட்டு வாங்கிவிட்டேன்.

காலில் போட்ட கட்டை நனைய விடாதே. கொப்புளத்தை ஊசியால் குத்தி உடைக்காதே, தானாக அடங்கட்டும். மணமேடையில் ஏறும்போது கொஞ்சம் வலிக்கும். வலிக்கட்டும். நொண்டியே ஏறு. யாராவது ஏன் என்று கேட்டால், சுட்டுவிட்டது என்று சொல்.